ஏ அப்பா, பி அம்மா, ஓ பிள்ளை

அப்பாவின் ரத்தம் ஏ வகை, அம்மாவுடையது பி. பிள்ளைக்கு ஓ என்று வந்தால், பண்டார் தெங்காராவின் செம்பனைத் தோட்டத்து வீடானாலும் ஜோகூர் பாருவின் அடுக்குமாடி வீடானாலும் ஒரு கேள்வி எழும்: "நம்ம பக்கம் யாருக்குமே ஓ கிடையாதே?" இருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரத்த வகைக்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உள்ளது. அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. அது ஏ, பி, ஓ என மூன்று வடிவங்களில் வரும். ஏயும் பியும் சேர்ந்தால் இரண்டும் வெளிப்பட்டு ஏபி ஆகும். ஓ மட்டும் எதனுடன் சேர்ந்தாலும் அடங்கிப்போகும். ஆகவே ஏ வகைக்காரர் உள்ளுக்குள் ஏ-ஏ ஆகவும் இருக்கலாம், ஏ-ஓ ஆகவும் இருக்கலாம். ஏ-ஓ அப்பாவுக்கும் பி-ஓ அம்மாவுக்கும் நான்கு வகையில் எதுவும் பிறக்கும்; ஒவ்வொன்றுக்கும் 25 சதவீத வாய்ப்பு. நான்கு பிள்ளைகள் பிறந்தால் ஆளுக்கொரு வகை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ஏ, பி, ஓ வகைகளை 1901இல் உலகுக்கு அறிவித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். மூன்று வடிவக் கணக்கை 1924இல் போட்டுக் காட்டியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன். இந்தக் கணக்கு ஒருவரைத் தந்தை இல்லை என்று விலக்க உதவும். இவர்தான் தந்தை என்று நிறுவாது. நடிகர் சார்லி சாப்ளின் வழக்கில் தாய் ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. குழந்தையின் பி அவரிடமிருந்து வந்திருக்க வழியில்லை. ஆனாலும் 1945இல் கலிபோர்னியா நீதிமன்றம் அவரையே தந்தை என்றது.

விலக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது பம்பாய். 1952இல் மருத்துவர் பெண்டேயும் குழுவினரும் அங்கே ஒரு விசித்திரமான ரத்தத்தைப் பதிவு செய்தனர். சோதனையில் அது ஓ போலவே தெரிந்தது. ஆனால் ஓ ரத்தத்தோடும் சேரவில்லை. காரணம், எச் என்ற அடிப்படைப் பொருள் அதில் இல்லை. ஏயும் பியும் அந்த எச் மீது கூடுதலாக ஒட்டும் சர்க்கரைகள். நாரே இல்லாதபோது மல்லிகையைத் தொடுப்பது எப்படி? ஏ மரபணுவைச் சுமந்தும் ஓ என்று காட்சி தரும் இவர்களுக்கு, ஓ வகைத் துணையின் மூலம் ஏ பிள்ளை பிறக்கலாம். மரபுக் கணக்கு தவறவில்லை, சாதாரணச் சோதனைக்குத்தான் அது எட்டவில்லை. குறையுள்ள எச் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த வகை உண்டாகும் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் இவ்வகை எனச் சொல்லப்படுகிறது. பம்பாய் வகைக்குப் பம்பாய் வகை ரத்தத்தையே ஏற்ற முடியும்.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமானது, ரத்த வகையோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சேர்த்துச் சொல்லும் ஆர்எச் கணக்கு. நெகட்டிவும் ஓ போல மறைந்து வரும். பாசிட்டிவான பெற்றோருக்கும் நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம். நாட்டின் மலாய்க்காரர், சீனரிடையே நெகட்டிவ் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்தியரிடையே ஏறத்தாழ 5 சதவீதம். தாய் நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளை பாசிட்டிவ் என்றால், தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் அடுத்த பிள்ளையின் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடும். ஆன்டி-டி ஊசியை உரிய நேரத்தில் போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால்தான் கர்ப்பகாலத்தின் முதல் பரிசோதனையிலேயே ரத்த வகை பார்க்கிறார்கள். நெகட்டிவ் என்று வந்தால் அக்கா தங்கைகளிடமும் சொல்லிவையுங்கள். அதே பெற்றோரின் பிள்ளைகளான அவர்கள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.