அரளியும் மரக்காளானும்

 

ஊறுகாய் கெட்டுப் போனால் வீட்டில் "பூத்துப் போச்சு" என்பார்கள். மழை விட்டதும் "காளான் பூத்திருக்கு" என்கிறோம். அரளியும்தான் பூக்கிறது. அப்போ காளானும் ஒரு செடியா? இல்லவே இல்லை!

அரளி எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலை நடுவில் சிப்காட் லாரிகளின் புகையையும் தூசியையும் தாங்கிக்கொண்டு பூத்து நிற்கும். மரக்காளான் என்பது மரத்தின் அடியில் பாதித் தட்டு மாதிரி, பழுப்பாக, கட்டை போல ஒட்டிக்கொண்டிருப்பது. அதில் ஒரு வகை கானோடெர்மா.

வேறுபடுத்துக:

1. உணவு: அரளி இலையில் பச்சையம் உண்டு. வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். காளானுக்குப் பச்சையம் கிடையாது. நாம் சாப்பிட்ட பிறகு செரிக்கிறோம். அதுவோ நொதிகளை மரத்தில் விட்டு, வெளியிலேயே செரித்து, அப்புறம்தான் உறிஞ்சும்!

2. செல்சுவர்: அரளிக்கு செல்லுலோஸ். காளானுக்கு கைட்டின். நம்ம பழவேற்காடு நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் இதே கைட்டின்தான்!

3. இனப்பெருக்கம்: அரளிக்குப் பூ, காய், விதை. மரக்காளானுக்கு அடிப்பக்கம் இருக்கும் நுண்துளைகளிலிருந்து பொடி மாதிரி வித்துகள் கொட்டும்.

இதனால்தான் 1969-இல் விட்டேக்கர் என்ற விஞ்ஞானி ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகளைத் தனி உலகமாக வைத்தார்.

மரக்காளான் கெட்டது மட்டும்தானா? செத்த மரத்தை மக்கவைத்து மண்ணுக்கு உரமாக்குவதே இந்த மாதிரிப் பூஞ்சைகள்தான். அரளி அழகுதான், ஆனால் இலை, பூ, வேர் எல்லாமே விஷம். இதயத்தைத் தாக்கும். அரளிக் குச்சியை ஒடித்து வாயில் வைக்காதீங்க!

உயிருள்ள மரத்தில் காளான் வந்தால்தான் ஆபத்து. நாம் வெளியே பார்ப்பது காய் மாதிரி. அதன் உடம்பு நூல் நூலாக மரத்துக்குள்ளே இருக்கும். காளானைத் தட்டிவிட்டால் நோய் போகாது. தென்னையில் வந்தால் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர். வெளியே பச்சையாக நிற்கும் மரம் உள்ளே உளுத்திருக்கலாம். புயல் அடித்தால் சாய்ந்துவிடும். 2016 வர்தா புயலில் நம்ம மாவட்டத்தில் எத்தனை மரம் விழுந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

நம் பள்ளி வேப்பமரத்தின் அடியிலும் இரண்டு காளான் இருக்கிறது. மதியம் சத்துணவு சாப்பிடுவது அந்த நிழலில்தான். மழைக்காலத்துக்கு முன்னால் விவரம் தெரிந்தவரை அழைத்து மரத்தைக் காட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி