உங்களுக்குத் தெரியுமா? பாம்பு நீட்டிப் படுக்க எவ்வளவு இடம் வேண்டும்

கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவுக்கு 2019-இல் நான்கு மஞ்சள் அனகோண்டாக்கள் போய்ச் சேர்ந்தன. அனுப்பியது மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள நம் முதலைப் பண்ணை!

இந்த இனத்தில் பெண்தான் பெரியது; 3 மீட்டரைத் தாண்டியும் வளரும். “பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது, சின்னப் பெட்டி போதாதா?” என்று பலர் கேட்பார்கள். போதாது. சுருள்வது ஓய்வெடுக்கவும் ஒளிந்துகொள்ளவும்தான். இடம் கிடைத்தால் அதே பாம்பு உடலை முழுக்க நீட்டும். அதனால் கூண்டின் நீளம், வளர்ந்த பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது என்று விலங்கு நல ஆய்வாளர்கள் இன்று வலியுறுத்துகிறார்கள்.

வெப்பமும் ஒரு காரணம். பாம்பால் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சூடான மூலைக்கும் குளிர்ந்த மூலைக்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும். குறுகிய பெட்டிக்குள் இரண்டு மூலையும் ஒரே சூடாகிவிடும், பாவம், அது எங்கே போகும்? அனகோண்டாவுக்கு இதோடு உடல் முழுதும் அமிழும் தொட்டியும் வேண்டும்.

வீட்டில் வளர்க்கும் ஆசை உண்டா? நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு மூன்றுமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. பிடித்து வளர்ப்பது குற்றம்.