தரவு காப்போம் – 11: இரட்டை டிஸ்க்கில் சர்வரை மீண்டும் எழுப்புதல்

சென்ற வாரம் ரெய்டு 1 பற்றிப் பார்த்தோம். ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாடு அது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதுதான் முதல் நிலை. டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். அதனால் பேக்கப் தனியாக வேண்டும். அந்த பேக்கப்பிலிருந்து ஒரு லினக்ஸ் சர்வரை முழுமையாகப் புதிய இரட்டை டிஸ்க்கில் ஏற்றுவதை இந்த வாரம் பார்ப்போம்.

யூஎஸ்பியில் உள்ள லைவ் லினக்ஸில் கணினியைத் துவக்குங்கள். முதலில் ரெய்டை அமைக்க வேண்டும், அதன்மேல் ஃபைல் சிஸ்டம், அதற்குப் பிறகே பேக்கப். 'இப்போதைக்கு ஒரு டிஸ்க்கில் ஏற்றிவிடுவோம், இன்னொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று அவசரப்படுபவர்கள் உண்டு. ஆனால் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு தன் குறிப்புகளை வழக்கமாகப் பார்ட்டிஷன் தொடக்கத்தில் 4 கேபி தள்ளி எழுதிவைக்கும். ஏற்கெனவே தரவு இருக்கும் பார்ட்டிஷன் மேல் ரெய்டை அமைத்தால் அந்தத் தரவு சேதமாகும்.

ரெய்டை உருவாக்கியதும் இரண்டு டிஸ்க்குகளையும் ஒத்திசைக்கும் வேலை தானே தொடங்கும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி டிஸ்க்குக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, பேக்கப்பை ஏற்றத் தொடங்கலாம். நிலவரத்தைத் திரையில் கேட்டால் சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' எழுத்துகள் தெரிய வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த டிஸ்க் இன்னும் முழுமையாகச் சேரவில்லை என்று பொருள்.

ஃபைல்களை நகலெடுக்கும்போது உரிமையாளர் விவரம் எண்ணாகவே போக வேண்டும். ஆர்சிங்க் கட்டளையில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அது பெயரை வைத்துப் பொருத்தும். லைவ் லினக்ஸில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால், டேட்டாபேஸின் ஃபைல்கள் வேறு யாருடைய பெயரிலோ போய் நிற்கும். எல்லாம் நகலானது போலத் தெரியும், டேட்டாபேஸ் மட்டும் துவங்காது.

பேக்கப் ஏறிவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஏற்றிய சிஸ்டத்துக்குத் தன் பழைய டிஸ்க்கின் அடையாள எண்தான் தெரியும். எஃப்எஸ்டேப் ஃபைலில் புதிய எண்ணை எழுத வேண்டும். ரெய்டின் விவரத்தை அதன் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்து, துவக்க நேரத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையென்றால் ரூட் டிஸ்க்கைக் காணோம் என்று கணினி பாதியிலேயே நின்றுவிடும்.

என்னைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தான மறதி இதற்குப் பிறகுதான் வருகிறது. துவக்கும் மென்பொருளான க்ரப்பை முதல் டிஸ்க்கில் மட்டும் நிறுவிவிட்டு எழுந்துவிடுவது. சர்வர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடும், யாருக்கும் தெரியாது. முதல் டிஸ்க் செத்த அன்று, தரவு முழுவதும் இரண்டாவதில் பத்திரமாக இருந்தும் கணினி துவங்காது. க்ரப்பை இரண்டிலும் நிறுவுங்கள். யூஇஎஃப்ஐ கணினியானால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் ரெய்டுக்கு வெளியே இருக்கும். அதற்கும் இரண்டு டிஸ்க்கிலும் நகல் வையுங்கள்.

ஒத்திசைவு முடிந்த பின் கணினியை அணைத்து, முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் துவக்கிப் பாருங்கள். பிறகு அதைத் திரும்பச் சேர்த்து, இரண்டு 'யூ'வும் வரும்வரை பொறுத்து, அடுத்ததைக் கழற்றுங்கள். நடுவில் அவசரப்பட்டால் பழைய தரவுள்ள டிஸ்க்கோடு தனியாக நிற்க நேரும்.

டிஸ்க்குகளைப் போலவே பேக்கப்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாததால் பேக்கப் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்கள் பொதுவில் எழுதிவைத்தது பெரிய காரியம்.

உங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: நம் பேக்கப்பைக் கடைசியாக எப்போது முழுமையாக ஏற்றிப் பார்த்தோம்? பதில் இல்லையென்றால், ஒரு பழைய கணினியும் இரண்டு டிஸ்க்கும் ஒரு சனிக்கிழமையும் அவருக்குக் கொடுங்கள்.