உங்களுக்குத் தெரியுமா? சன்ஸ்கிரீன் டியூபின் முன்னும் பின்னும்

மே மாத நடுவில் ஒருநாள் உச்சிவேளையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நின்றால் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மும்பைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. இரண்டாவது ஜூலை கடைசியில், மழைமேகத்துக்குப் பின்னால். புற ஊதாக் கதிர் மேகத்தையும் தாண்டி வரும்.

அதற்குத்தான் சன்ஸ்கிரீன். டியூபில் எஸ்.பி.எஃப். 15 என்றால் தோலைப் பொசுக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் 93 சதவீதம் தடுபடும். 30 என்றால் 97, 50 என்றால் 98. எண் தாவுகிற வேகத்தில் காப்பு தாவுவதில்லை.

தோலைக் கறுக்கவைத்துச் சுருக்கமும் தருவது யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிர். அதற்கான குறி பி.ஏ.; பக்கத்தில் பிளஸ்கள். ஜப்பானில் 1996-ல் பிறந்த முறை. நாலாவது பிளஸ் 2013-ல் சேர்ந்தது. யுவிஏ கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் டாக்சியின் ஜன்னலோரக்காரர்கள் முதலில் பிளஸ்களை எண்ணலாம். ‘கறுத்துட்டேன்’ என்பதுதானே நம் வீட்டுப் பெரிய புகார்!

ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப். அளக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். தினமும் பூசியும் 50 கிராம் டியூப் ஆறு மாதம் வருகிறதா? அது சிக்கனமல்ல, போதாமை.

ஏப்ரல் 2025-ல் இந்த எஸ்.பி.எஃப். எண்ணே கோர்ட் ஏறியது. 50 என்று போட்ட சில சன்ஸ்கிரீன்களில் 20தான் இருக்கிறது என்று லக்மே விளம்பரம் செய்தது. டெர்மா கோ பிராண்டின் ஹோனாசா டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும், லக்மேயின் ஹிந்துஸ்தான் யுனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் போயின. டெல்லியில் யுனிலீவர் விளம்பரத்தைத் திருத்த ஒப்புக்கொண்டது. எண்ணில் சந்தேகம் வந்தால் சோதனை முறையைப் பாருங்கள்: டியூபில் ‘இன் விவோ’ என்று கண்டால், மனிதத் தோலில் சோதித்ததாகச் சொல்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கு, இங்கே அழகுசாதனம். உள்நாட்டுச் சரக்கில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கவேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும். இல்லையா, திருப்பி வைத்துவிடுங்கள். அக்கா பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டியூபில் திறந்த டப்பா படமும் ‘12எம்’ என்ற எழுத்தும் இருந்தால், மூடி திறந்து 12 மாதம் வரைதான்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சன்ஸ்கிரீனில் எழுத அமெரிக்கா 2011-லேயே தடை போட்டது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ எனலாம், அதுவும் 40 அல்லது 80 நிமிடம் என்ற கணக்கோடு. மும்பை வியர்வைக்கு அந்த 40 நிமிடம் மாட்டுங்கா பூ மார்க்கெட்டைச் சுற்றி வருவதற்குள் தீர்ந்துவிடும்.