ஸ்கெலட்டன் ஆர்மிக்குச் சோறு போடுவது யார்? தாராசுரத்தில் ஒரு பேய்ப்படை விசாரணை!

"அக்கா, அவன் ஆரோஸ் போட்டுட்டான்... இப்ப இறக்கு, இப்பவே இறக்கு!"

பொங்கல் லீவுக்குத் தாராசுரம் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் நானும் ஒன்பதாவது படிக்கும் தம்பியும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டிருந்தோம். விளையாட்டு, கிளாஷ் ராயல். நான் இறக்க வேண்டியது 'ஸ்கெலட்டன் ஆர்மி'. அதாவது, எலும்புக்கூட்டுப் படை.

ஆடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு மேட்ச் மூன்று நிமிடம். மொத்தம் எட்டு கார்டுகள். ஒவ்வொரு கார்டுக்கும் 'எலிக்சிர்' என்ற திரவத்தில் ஒரு விலை. அது தானாக ஊறும், ஆனால் பத்துக்கு மேல் சேராது. ஸ்கெலட்டன் ஆர்மியின் விலை வெறும் மூன்று. மூன்றைக் கொடுத்தால் ஒரு டஜனுக்கு மேல் எலும்புக்கூடுகள் தரையிலிருந்து குதித்து, எதிரே வரும் ராட்சசனையே சுற்றி வளைத்துக் கொத்தித் தீர்த்துவிடும். பிரச்னை என்னவென்றால், எதிராளி ஒரே ஒரு அம்பு மழை பொழிந்தால் மொத்தப் படையும் பொடிப்பொடி. அதனால் அவன் அம்பு கார்டை வேறு எதற்காவது செலவழிக்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுமைதான் இதில் தந்திரம். எனக்கு அது சுத்தமாக வராது. தோற்றேன்.

பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயி கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "எலும்பும் தோலுமா இருக்குதுங்களே... இதுகளுக்கு யாருடா சோறு போடறது?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அதுங்க செத்துப்போனதுங்க அப்பாயி. சாப்பிடாது."

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. காரணம், அதைக் கேட்ட ஊர் தாராசுரம்.

பேய்ப்படை பாடிய புலவரின் ஊர்

ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்காதவர்கள் குறைவு. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். தேர் மாதிரி மண்டபம், தட்டினால் ஒலிக்கும் படிகள் என்று ரீல்ஸில் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ராஜராஜனின் அவையில் ஒட்டக்கூத்தர் என்றொரு புலவர் இருந்தார். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் ராஜராஜன் என்று மூன்று தலைமுறைக்கும் பாடிய மனிதர். அவர் எழுதியதுதான் 'தக்கயாகப் பரணி'. சிவனை மதிக்காமல் தக்கன் நடத்திய யாகத்தை, வீரபத்திரர் பூதப்படையோடு போய்த் துவம்சம் செய்த கதை. இதை உ.வே.சா. பழைய உரையோடு 1930-ல் பதிப்பித்தார்.

பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீரபத்திரர் கோயில் இருக்கிறது. டூரிஸ்ட் பஸ்கள் அங்கே நிற்பதில்லை. ஒட்டக்கூத்தர் பரணி பாடியது அங்கேதான், அவர் சமாதியும் அங்கேதான் என்று ஊரில் சொல்கிறார்கள். மறுநாள் காலை தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். கிளாஷ் ராயலும் சரி, செத்த எதிரிகளையே எழுப்பிப் படை சேர்க்கும் 'அன்டெட் ஹோர்டு'ம் சரி, இரண்டும் பின்லாந்துக்காரர்கள் செய்தவை. "அவங்களுக்கு எண்ணூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே நம்ம ஊர்ல இதை எழுதிட்டாங்கடா" என்றேன். "சரிக்கா, கேம் எங்க?" என்றான்.

சாகவும் முடியாது, பசியும் போகாது

அப்பாயியின் கேள்விக்கு உண்மையான பதில் இருப்பது தக்கயாகப் பரணிக்கு முன்னால் வந்த 'கலிங்கத்துப் பரணி'யில். பாடியவர் ஜெயங்கொண்டார். பாட்டுடைத் தலைவன் 1070-ல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், தாராசுரம் கட்டிய ராஜராஜனுக்குக் கொள்ளுத்தாத்தா. வட கலிங்கத்து அரசன் இரண்டு முறை திறை கட்டவில்லை. உடனே படை கிளம்பியது. தளபதி கருணாகரத் தொண்டைமான். இவர் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்காரர் என்று கல்வெட்டு சொல்கிறது. திருநறையூர் என்றால் நம்ம கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருக்கும் நாச்சியார்கோயில்தான்.

ஆனால் ஜெயங்கொண்டார் போரை நேரடியாகத் தொடங்கவில்லை. முதலில் காளியின் பேய்கள் வருகின்றன. ஒரு கமாண்டரிடம் பட்டினிப் படை பெட்டிஷன் கொடுக்கும் காட்சி அது. 'பேய் முறைப்பாடு' என்றே அதற்குப் பெயர். சாகவாவது எங்களுக்குக் கொடுப்பினை உண்டா, முன்பு செய்த பாவத்துக்குப் பிரம்மன் இப்படியொரு பசியை வயிற்றில் வைத்துவிட்டானே என்று அவை அழுகின்றன. 'அன்டெட்' என்ற சொல்லுக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. விளையாட்டில் இருப்பது பாதிதான்: சாவு இல்லாத படை. மீதிப் பாதியான பசியை ஜெயங்கொண்டார் எழுதியிருக்கிறார்.

இமயமலைப் பக்கம் போய் மாயவித்தை கற்றுத் திரும்பிய கிழட்டுப் பேய் ஒன்றும் உண்டு. அது காளிக்கு முன்னால் ஒரு போர்க்களத்தையே மாயமாக விரித்துக் காட்டுகிறது. பசித்த பேய்கள் நிஜமென்று நம்பிப் பாய்கின்றன. அள்ளினால் கை காலி. மென்றால் பல்லோடு பல்தான் மோதுகிறது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகின்றன. இதைத் தம்பிக்குச் சொன்னபோது முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தான். "அப்ப அது வி.ஆர்.தானே அக்கா!"

பிறகு கலிங்கத்திலிருந்து ஒரு பேய் மூச்சிரைக்க ஓடிவந்து, போர் முடிந்தது, களம் நிறைந்து கிடக்கிறது என்று செய்தி சொல்கிறது. அடுத்து நடப்பது சமையல். (சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.)

பேய்கள் அப்படியே விழுந்து தின்பதில்லை. முதலில் காலைக்கடன்! யானைத் தந்தம் பல்குச்சி, யானை விலா எலும்பு நாக்கு வழிக்க. நகம் வெட்ட அம்பு முனை. யானையின் மதநீர்தான் எண்ணெய். தேய்த்து, மூளையைக் களிமண் போலக் குழைத்து எண்ணெய்ச் சிக்கெடுத்து, ரத்த மடுவில் குதித்து நீச்சலடித்துக் குளியல். தீபாவளி காலையில் நம் வீட்டில் நடப்பதேதான், பொருள்கள் மட்டும் வேறு. அதற்குப் பிறகு கூழ். செத்த வீரர்களின் பற்கள் அரிசி. போர் முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. உலக்கை போடும்போது வள்ளைப் பாட்டுகூட உண்டு, அரசனைப் புகழ்ந்து.

பந்தி இன்னும் அழகு. கண் தெரியாத பேய், காது கேளாத பேய், வாய் பேசாமல் கையால் கேட்கும் பேய், பிள்ளைத்தாய்ச்சிப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றச் சொல்கிறார்கள். ஒரு வேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கலக்காமல் வடிகட்டித் தர வேண்டும். நல்ல கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியம்மாவின் குரல் அது.

நெல் விளையும் சோழநாட்டின் வெற்றியைப் பாடும் நூலில் அரிசிக்குப் பதில் மனிதப் பல். ஜெயங்கொண்டார் போரை எதிர்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அரசனைப் புகழத்தான் எழுதினார். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குப் பாடுவதுதான் பரணி என்பது இலக்கணம். ஆனால் அந்த ஆயிரம் யானைகளின் உடம்பு என்ன ஆனது என்பதையும் அவர் எழுதிவிட்டார். இன்னொன்று, பரணிக்குத் தோற்றவர் பெயரைத்தான் வைக்கிறார்கள். வென்றது குலோத்துங்கன், நூலின் பெயரில் நிற்பது கலிங்கம். வென்றது வீரபத்திரர், பெயரில் நிற்பது தக்கன். நம் போனில் தோற்றவன் பெயர் மூன்று விநாடியில் மறைந்துவிடுகிறது.

தக்கன் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. தலை போன தக்கனுக்கு ஆட்டுத் தலை பொருத்தி, மாண்ட தேவர்களையும் சிவன் எழுப்பிவிடுகிறார். தன் படையில் சேர்த்துக்கொள்ள அல்ல. அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போக. 'ரிவைவ்' பட்டனை அப்படிப் பயன்படுத்தும் விளையாட்டு ஒன்றையும் நான் இன்னும் ஆடவில்லை.

வீரபத்திரர் கோயிலிலிருந்து அப்படியே பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கே அறுபத்து மூன்று நாயன்மார் கதைகளையும் சின்னச் சின்னக் கற்பலகைகளில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காரைக்கால் அம்மையார், பேய் உருவத்தைத் தானே கேட்டு வாங்கியவர். அம்மையார் பலகையைத் தேடி இருவரும் சுவரையே பார்த்தபடி கழுத்து வலிக்கச் சுற்றினோம். முதலில் கண்டுபிடித்தது அவன்தான்.

அன்று ராத்திரி மறுபடியும் திண்ணை. இந்த முறை பொறுத்தேன். எதிராளி அம்பை வீணடித்த அடுத்த விநாடி எலும்புக்கூடுகளை இறக்கினேன். ஜெயித்தோம். கத்தலைக் கேட்டு வந்த அப்பாயிக்குப் பல் விளக்கும் பேய்கள், எண்ணெய்க் குளியல், பல்லரிசிக் கூழ் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சுளிப்பார் என்று நினைத்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, கூழுக்குத் தொட்டுக்க என்ன வெச்சாளுவ?" என்றார்.