இதயத்தின் அளவு எவ்வளவு?

இதயச் சோதனைக்காக இரண்டு பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு வயது நான்கு, மற்றதற்குப் பதினொன்று. இருவருக்கும் இதயத்தின் இடது கீழறை 4.2 சென்டிமீட்டர் அகலம் உள்ளது. மூத்த பிள்ளையின் இதயம் இயல்பானது என்று மருத்துவர் கூறுகிறார். இளைய பிள்ளைக்கோ மேலும் சில சோதனைகள் தேவை என்கிறார். அளவு ஒன்றாக இருக்க, முடிவு ஏன் மாறுகிறது?

முதலில், இந்த அளவு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். மனிதரால் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்க முடியும். அதற்கும் மேற்பட்ட அதிர்வெண் கொண்ட ஒலி, மீயொலி எனப்படும். பிள்ளையின் நெஞ்சில் ஜெல் தடவி, கைக்கு அடக்கமான கருவி ஒன்றை வைத்தால், அது மீயொலியை உடலுக்குள் அனுப்பும். இதயச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் பெறும். உடலின் மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்கிறது. ஆகவே, எதிரொலி திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். 1953ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இம்முறையில் இதயத்தை முதன்முதலாகப் பதிவு செய்தனர். அவர்கள் முதலில் சோதித்துப் பார்த்த கருவி, உலோகத்தில் உள்ள விரிசல்களைக் கண்டறிவதற்காகக் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. அதை இரவல் வாங்கி வந்திருந்தனர்!

இச்சோதனையில் வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால், பிள்ளை சற்று நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது எளிதன்று. இதயம் ஓயாமல் சுருங்கி விரிவதால், கீழறை இரத்தத்தால் நிறைந்து முழுமையாக விரிந்திருக்கும் கணத்தில்தான் அதன் அகலம் அளக்கப்படுகிறது.

பிள்ளை வளர வளர இதயமும் வளர்கிறது. எனவே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று எதுவும் இல்லை. வயதை மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரே வகுப்பு மாணவர்களின் உயரத்தை ஒப்பிட்டாலே காரணம் விளங்கும். மருத்துவர்கள் உடலின் மேற்பரப்பளவைக் கணக்கில் கொள்கின்றனர். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் அது சதுர மீட்டரில் கிடைத்துவிடும். 144 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோகிராம் எடையும் உள்ள மூத்த பிள்ளைக்கு அது 1.2 சதுர மீட்டர். 100 சென்டிமீட்டர் உயரமும் 16 கிலோகிராம் எடையும் உள்ள இளைய பிள்ளைக்கு ஏறத்தாழ 0.67 மட்டுமே. அந்தச் சிறிய உடலுக்கு 4.2 சென்டிமீட்டர் மிக அதிகம்.

‘அதிகம்’ என்று சொல்வதற்கு, நலமான பிள்ளைகளின் அளவுகள் முன்பே திரட்டப்பட்டிருக்க வேண்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, 19 மருத்துவ நிலையங்களில் 3,500க்கும் மேற்பட்ட நலமான பிள்ளைகளின் மீயொலிப் படங்கள் திரட்டப்பட்டன. உடல் பருமன் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. கொழுப்பு கூடினால் மேற்பரப்பளவும் கூடும். ஆனால், இதயம் அதே விகிதத்தில் வளர்வதில்லை. மேற்பரப்பளவைக் கணக்கில் கொண்ட பிறகு, வயது, பால், இனம் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடு சிகிச்சை முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்று அவ்வாய்வு காட்டியது.

இத்தகைய அளவுகளின் சராசரியிலிருந்து ஒரு பிள்ளையின் அளவு எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும் எண், ‘இசட் மதிப்பு’ ஆகும். நலமான பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு அது −2க்கும் +2க்கும் இடையில் அமையும். இளைய பிள்ளைக்கு அது +2ஐத் தாண்டிவிட்டது. இரு கீழறைகளுக்கும் இடையே ஓட்டை இருந்தால், கூடுதல் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று இடப்பக்கத்திற்கே திரும்பும். அதனால் இடது கீழறை விரிவடையலாம். அதைத்தான் மருத்துவர் அடுத்துத் தேடுவார்.

மூத்த பிள்ளை ஓராண்டு கழித்து மீண்டும் சோதனைக்கு வந்தால், கீழறையின் அகலம் சற்றுக் கூடியிருக்கக்கூடும். இசட் மதிப்பு முன்பு இருந்தது போலவே இருந்தால், உடலுக்கேற்ப இதயமும் வளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் குறித்துக்கொள்வார்.