கற்றல் ஏணியும் ஆசிரியரும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் கண்ட மாபெரும் மாற்றங்களுள் ஒன்று செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் அதை 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தார். ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். பாட அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். பாடம் சிறுசிறு படிகளாகப் பிரிந்தது. அந்தப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்துத் தன் படியைத் தானே கண்டுகொள்ளும் குழந்தை, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டது. கரும்பலகை பிஞ்சுக் கைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். பெற்றோர் பிழைப்புக்காக ஊர் மாறியதால் சில வாரங்கள் வராமல் போன பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. ஏழைக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு வகுப்பறை தர முடியுமா என்று தெரியவில்லை.

மாநகராட்சிப் பள்ளிகளில் வேரூன்றிய பின், 2007இல் மாநிலம் முழுவதும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு இது விரிந்தது. அட்டைகளும் பயிற்சிகளும் எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நிர்வாக அளவில் பெரும் சாதனைதான். ஆனால் சென்னை ஆசிரியர்களுக்குக் கிடைத்த ஒன்று மற்றவர்களுக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை: தானே செய்து பார்த்து, சரிவராததைத் திருத்தும் உரிமை. ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் கவனிக்கும் பள்ளியில், ஒரே அட்டையில் வாரக்கணக்கில் நிற்கும் பிள்ளையை என்ன செய்வது? அதற்கு அரசாணையில் விடை இருக்காது. அருகில் உட்கார்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும். பெரிய அளவில் மாற்றம் கொண்டுவரும் தலைமையின் முதல் வேலை, அந்த ஒருவரை ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பிவைப்பதே என்பேன்.

‘அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஒரு தலைமுறையே காத்திருக்க வேண்டுமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான், ஒன்றாம் வகுப்பு ஒரு குழந்தைக்கு ஒரே முறைதான் வருகிறது. ஆகவே வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டைகள் அச்சாகும் வேகத்திலேயே துணைக்கு வரும் ஆட்களும் பெருக வேண்டும் என்கிறேன். ‘ஆசிரியரிடம் விட்டால் எதுவும் மாறாது’ என்ற மற்றொரு வாதத்தை ஏற்பதற்கில்லை. முதல் 13 பள்ளிகளில் அட்டைகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் அதே அரசு ஊதியம் வாங்கும் ஆசிரியர்கள்தானே?

கொரோனா ஏற்படுத்திய கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கும், ஆசிரியருக்குத் துணை யார் என்ற இதே கேள்வி பொருந்தும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது அறிவார்ந்த ஏற்பாடு. அதே சமயம், செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். இதை வேலை செய்ய மனமில்லாதவர்களின் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வகுப்பறையிலிருந்து வரும் முதல் தகவல் அதுதான். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களைப் புள்ளிவிவரம் திரட்டும் பணியிலிருந்து விடுவித்து, வாரத்தின் பெரும்பகுதியை வகுப்பறையில் ஆசிரியருடன் கழிக்கச் செய்யலாம். இதற்குப் புதிய திட்டமும் புதிய பெயரும் தேவையில்லை.